முன் சக்கரத்து பிரேக்

“நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம். செஞ்ச வரைக்கும் போதும்.”

“ஒரு நிமிஷம் கேளேன். அந்த பிரேக் பேட் ரெண்டையும் நான்...”

“கேட்டுக் கேட்டுத்தான் அண்ணி கையில மாவுக்கட்டு! தெரு முனையில மெக்கானிக் எதுக்குக் கடை திறந்து வச்சிருக்கார்? நீங்க வாசல்ல வண்டியைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற அழகை வேடிக்கை பாக்கவா?”

“நேத்து சாயங்காலம் பிடிச்சுதே! நானே ஓட்டிப் பாத்தேனே!”

“நேத்து இருந்த பிரேக் இன்னிக்கு எங்க போச்சாம்? லீவு போட்டுட்டுப் போயிடுச்சா?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றாள் நாத்தனார். “எலும்பு உடைஞ்சது எனக்கு. கத்துறதா இருந்தா நான்தான் கத்தணும்.”

புருஷனும் பெண்டாட்டியும் கப்பென்று அடங்கினார்கள்.

நாத்தனார், அதாவது அவனுக்கு அக்கா, அவன் மனைவிக்கு அண்ணி, தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வலது கை ஒரு தலையணைமேல் கிடந்தது. கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் வீங்கிப்போய் எட்டிப் பார்த்தன. மாடி வீடு அவளுடையது, கீழ் வீடு தம்பியுடையது. அவளுக்கு கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலை. எவ்வளவு ஒளிந்துகொண்ட நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள் என்று பேர். தினமும் காலையில் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்வாள். அவளை இறக்கிவிட்டுத்தான் அவன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவான். அங்கே ஃப்ரேமில் லென்ஸ் பொருத்துவது அவன் வேலை.

இன்று காலை கிளினிக் வாசல் இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்கவில்லை. பின் பிரேக்கை மட்டும் நம்பி வண்டி இழுத்துக்கொண்டே போய், கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அக்கா கையை ஊன்றி விழுந்தாள்.

“ரத்தம் குடுக்க வந்தவங்க என்னைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாங்கடா,” என்றாள். “அதுல ஒரு அம்மா போன வாரம் என் ஊசியைப் பாத்து ஓன்னு அழுதவங்க. இன்னிக்கு அவங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்க. ‘வலிக்காதும்மா, கண்ணை மூடிக்கோம்மா’ன்னு. என் வசனத்தை எனக்கே சொல்றாங்க!”

“மன்னிச்சிடுக்கா.”

“நீ மன்னிப்புக் கேட்டா எலும்பு கூடிடுமா, இன்ஜினியர்?”

இன்ஜினியர் என்பது அக்கா அவனுக்கு வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்த அன்றைக்கு வைத்தது.

“எங்க டாக்டரோட டிரைவர் ஒரு வண்டி தேடிட்டிருக்கார்,” என்று அக்கா தொடர்ந்தாள். “நாளைக்குக் காலையில வரச் சொல்றேன். பிரேக் இல்லைன்னு சொல்லியே குடு. அந்த ஸ்பானர் பெட்டியையும் கூடவே தலையில கட்டி அனுப்பு.”

“சரிக்கா.”

எதிர்த்து ஒரு வார்த்தை வரும் என்று இரண்டு பெண்களுமே காத்திருந்தார்கள். வரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

அந்த ‘சரிக்கா’ அவன் மனைவிக்கு என்னவோ போலிருந்தது. ஸ்பானர் பெட்டியில் ஒரு திருகாணியை யாராவது இடம் மாற்றி வைத்தால்கூட முகத்தைத் தூக்கிக்கொள்கிறவன் அவன். நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் பழைய பாயை விரித்து உட்கார்ந்து, தேய்ந்த பேட்களைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். முதல் தடவை. அவள் உள்ளே மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக வாய் ஓயாமல் பேசினாள். “என்னங்க, கழட்டினது எல்லாம் உள்ள போகுமா, இல்ல மிச்சம் ஆகுமா?” என்றாள். “மிச்சமானா சொல்லுங்க, சட்டைக்குப் பொத்தானா வச்சுத் தைச்சிடறேன்.” அவன் சிரித்தான். நேற்று சிரித்தான்.

அக்காவை மாடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு அவள் மாடிப்படிக்குக் கீழே போனாள். யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்ட வண்டி அங்கே நின்றிருந்தது. எங்கே பார்த்தாலும் மணல். அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

“அதான் நாளைக்குக் குடுக்கப் போறீங்களே. இப்ப என்ன நோண்டல்?”

“எங்க தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுத்துடறேன்.”

“தெரிஞ்சு?”

“தெரியாம இருந்தா அது வேற மாதிரி அரிக்கும்.”

அவள் டீயைப் படியில் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் நின்றாள். அவன் கைப்பிடியில் இருந்த பிரேக்கை அழுத்திக் காட்டினான்.

“பாரு. கல்லு மாதிரி இருக்கு. உள்ள காத்து நுழைஞ்சிருந்தா பஞ்சு மாதிரி அமுங்கும். நுழையலை.”

“ம்.”

“பிரேக் ஆயில் அளவு சரியா இருக்கு. குழாயில கசிவு இல்ல. பேட்டைத் திருப்பி மாட்டிட்டேனான்னு பாத்தேன், இல்ல. போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கு.” ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் முகம் தெளியவில்லை, இன்னும் சுண்டிப்போனது. “வழியிலேயே ரெண்டு தடவை வழுக்குற மாதிரி இருந்துச்சு. புது பேட், பழகட்டும்னு விட்டுட்டேன். அக்கா பின்னால உக்காந்திருக்கும்போது பழகட்டும்னு விட்டேன் பாரு, அந்தப் புத்தியை எதால அடிக்கிறது?”

சொல்லிக்கொண்டே இரண்டு பேட்களையும் கழற்றி வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். கட்டை விரலால் தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

“எண்ணெய்,” என்றான்.

“என்ன எண்ணெய்?”

“இதுல எண்ணெய் பட்டிருக்கு. நல்லா ஊறிப் போயிருக்கு.”

“எண்ணெய் பட்டா நல்லதுதானே? வழவழன்னு ஓடும்.”

அன்று முதல் தடவையாக அவன் லேசாகச் சிரித்தான். “ஓடும். நிக்காது. உன் மெஷினுக்கு எண்ணெய் மருந்து, இதுக்கு விஷம். இந்தத் தட்டு இருக்கு பாரு, டிஸ்க், இதை ரெண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கணும். நடுவுல எண்ணெய் இருந்தா எப்படிக் கவ்வும்?”

“பிரேக்குக்குன்னே ஆயில் ஊத்துறீங்களே?”

“அது உள்ள இருக்கணும். வெளிய ஒரு சொட்டு வந்தாலும் போச்சு.”

படிக்கட்டின் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

நேற்று மாலை அவன் வண்டியை ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனான். அவள் தைத்து முடித்து, வாராவாரம் செய்வது போல மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். துணி எடுக்க வெளியே வந்தபோது முன் சக்கரத்தின் அந்தத் தட்டில் ஈரம் காய்ந்து, ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. ஐயோ பாவம் என்றிருந்தது அவளுக்கு. நாள் பூரா குனிந்து நிமிர்ந்தவன் இதைக் கவனிக்காமல் போனானே, காலையில் அண்ணி பார்த்தால் ‘என்னடா இன்ஜினியர், புது பிரேக் துருப்பிடிச்சு வருது’ என்று கிண்டலடிப்பாளே என்று நினைத்தாள். இரும்பில் துரு என்றால் எண்ணெய். வாணலியிலிருந்து கத்தரிக்கோல் வரை அவள் கைக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து, வெட்டுத்துணியில் தோய்த்து, இரண்டு பக்கமும், ஓட்டை ஓட்டையாக இருந்த இடமெல்லாம் விரலை விட்டு, பளபளவென்று தேய்த்தாள். சொல்லவில்லை. காலையிலிருந்து கிண்டல் செய்துவிட்டு, மாலையில் போய் ‘உங்க வண்டிக்கு எண்ணெய் போட்டிருக்கேன்’ என்று குழைவதா? அவளுக்கும் ஒரு வீம்பு இருந்தது.

“என் கையாத்தான் இருக்கும்,” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். “பேட்டைப் பிடிச்சிருக்கிற காலிப்பரோட பின்னுக்கு கிரீஸ் வச்சேன். அதே கையால பேட்டைத் தொட்டிருப்பேன். கிரீஸ் வாசனை வரலை, லேசான எண்ணெய் மாதிரிதான் இருக்கு... ஆனா வேற யாரு தொட்டா? நான்தான்.”

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளுக்கே தெரிந்தது. நேற்று முழுக்க மூடாத வாயிலிருந்து வந்தது வேறு.

“டீ ஆறிப் போகுது,” என்றாள்.

உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். தைத்த தையலெல்லாம் கோணலாகப் போனது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். தானாகவே அவன் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டுவிட்டான், இதில் நான் என்ன செய்தேன் என்று ஒரு மனசு. நீ என்ன செய்தாயா என்று இன்னொரு மனசு. காலையில் தெரு கேட்கக் கத்தியதை நினைத்தால் காது மடல் சுட்டது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாளே, அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணிக்குப் பிசைந்து ஊட்டிவிட்டாள். “இந்த வயசுல எனக்கு ஊட்டி விடுற நிலைமை, பாரு,” என்று அண்ணி சிரித்தாள். அவளால் அந்த முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவன் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்த ஒரு கண்ணாடியைக் கையில் வைத்திருந்தான். கடுகளவு திருகாணி ஒன்றை முடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அவனுக்கு. முடுக்கினான். கழற்றினான். மறுபடி முடுக்கினான்.

“என்ன, அது ஆடுதா?” என்றாள்.

“தெரியலை.”

“உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

“ஒரு பெரியவரோடது. படியில இறங்கும்போது லென்ஸ் கழண்டு விழுந்துதுன்னு வையி...” அவன் கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்தான். “நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். லென்ஸ் மாட்டுற வேலை வேற யாருக்காவது குடுக்கட்டும். நான் முன்னால நின்னு வர்றவங்களுக்கு ஃப்ரேம் காட்டுறேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?”

“பிரேக் பிடிக்கும்னுதான் நானும் நினைச்சேன்.”

அவள் கையிலிருந்த சட்டைக் காலரை மடியில் போட்டாள்.

“அது உங்க கை இல்ல,” என்றாள். “என் கை.”

“எது?”

“எண்ணெய். நான்தான் தடவினேன். துரு பூத்திருந்துச்சு. நேத்து நீங்க குளிக்கப் போனப்ப.”

அவன் அவளைப் பார்த்தான். கோபம் வரும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வந்தது கேள்வி.

“எந்த எண்ணெய்? மெஷின் எண்ணெயா?”

“ஆமா.”

“ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும். நல்லா... தேச்சு.”

“அட!” அவன் எழுந்துவிட்டான். “அதான் கிரீஸ் வாசனை இல்ல! அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்? எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன்!” ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். “முதல் தடவைடி! போல்ட், பேட், எல்லாம் கச்சிதம். அந்தத் துரு ஒண்ணுமே இல்ல தெரியுமா? ஒரு தடவை பிரேக் பிடிச்சா அதுவே தேஞ்சு போயிடும். ஐயோ, நான் காலையிலேருந்து...”

காலையிலிருந்து குனிந்திருந்த தலை நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு சந்தோஷத்தையா மடியில் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்?

“ஏய், அழாதே. தெரியாமத்தானே செஞ்சே. இப்பத்தானே உனக்கும் தெரியும்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்த வாய் பாதியில் நிற்கவில்லை.

“மத்தியானமே தெரியும்,” என்றாள். “நீங்க மோந்து பாத்தப்பவே.”

நடந்துகொண்டிருந்தவன் நின்றான். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, துணியைப் பிரித்து அந்தக் கண்ணாடியை எடுத்தான். திருகாணியை ஒரே முடுக்கில் முடுக்கி, ஆட்டிப் பார்த்து, உறையில் போட்டான்.

“அக்காகிட்ட சொல்ல வேண்டாம்,” என்றான்.

“ஏன்?”

“என்னைத் திட்டி முடிச்சாச்சு. உன்னைத் திட்டணும்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பாவம், கை வேற வலிக்குது.”

“விளையாடாதீங்க.”

“நான் தம்பி. பத்து நாள் திட்டிட்டு மறந்துடுவா. நீ...” என்று இழுத்தவன் மிச்சத்தை விழுங்கிவிட்டான். விழுங்கியது என்ன என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவள் செய்த தப்பு, வீட்டில் பிறந்தவன் செய்த தப்பைப் போல ஆறிப்போகாது. எந்தச் சண்டையிலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“அப்ப வண்டி?”

“குடுத்துடலாம். சரின்னு சொல்லிட்டேனே.”

“பெட்டியும்?”

“அதுவும்தான்.”

அவள் தலையாட்டினாள். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அது என்னவென்று புரிந்தபோது தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. தப்பித்தோம் என்ற நிம்மதி அது.

காலையில் அண்ணி இடது கையால் சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்தாள்.

“சீப்பை எடுத்துட்டு வாம்மா. ஒத்தைக் கையால முடியை ஒண்ணும் பண்ண முடியலை. அந்த டிரைவர் இப்ப வந்துடுவார், பேய் மாதிரி நிக்க வேண்டாம்.”

வாசலைப் பார்த்த நாற்காலியில் அண்ணி உட்கார, அவள் பின்னால் நின்று சிக்கெடுத்தாள். அவன் வெளியே வண்டியிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தான். ராத்திரியே புது பேட் வாங்கி வந்து விடியும்போதே மாட்டியிருந்தான். டிஸ்க்கை எதையோ போட்டுக் கழுவித் துடைத்திருந்தான். ஸ்பானர் பெட்டி மூடி, கயிறு கட்டி, பக்கத்திலேயே இருந்தது.

“தூங்கினியா நீ?” என்றாள் அண்ணி. “கண்ணு இப்படி வீங்கியிருக்கு?”

“தூங்கினேன் அண்ணி.”

“என்னை நினைச்சு அழுதிருப்பே. எனக்குத் தெரியும். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு நானே மனசுல நினைச்சிருக்கேன். ஆனா நேத்துதான் எனக்கு உறைச்சுது. இந்த வீட்டுல புத்தியோட இருக்கிறது நீ ஒருத்திதான். ஞாயித்துக்கிழமை முழுக்க அவன்கிட்ட சொன்னேல்ல? மாடியில எனக்குக் கேட்டுச்சு. தொடாதீங்கன்னு எத்தனை விதமா சொன்னே! நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சிரிச்சுட்டு இருந்துட்டேன்.”

சீப்பு நடு முடியில் நின்றது.

“வலிக்குதா அண்ணி?”

“இல்ல, வாரு. நீ ஊட்டி விடுறே, தலை வாருறே. பெத்த பொண்ணு இருந்தாக்கூட இப்படிச் செய்வாளான்னு தெரியலை. இந்தத் தடியன் கூட எப்படித்தான் குப்பை கொட்டுறியோ.” குரலை உயர்த்தினாள். “டேய் இன்ஜினியர்!”

“என்னக்கா?”

“என்கிட்ட மன்னிப்புக் கேட்டே. இவகிட்ட கேட்டியா? இவ பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு நான் வேலையில இருந்திருப்பேன். கேளுடா.”

அவன் கையில் துணியோடு வாசற்படிக்கு வந்தான். அக்காவின் தலைக்குமேல் அவளைப் பார்த்தான். கண்ணாலேயே ‘பேசாம இரு’ என்றான். அப்புறம், கொஞ்சம்கூடக் கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தப்பு செய்தவனைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“மன்னிச்சிடு. நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்.”

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அண்ணியின் கூந்தல் பாதி ஒரு கையில் இருக்க, சீப்பு இன்னொரு கையில் இருக்க, அவள் பேச ஆரம்பித்தாள்.

“அண்ணி, அவர் போட்ட பிரேக் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அதுல தையல் மெஷின் எண்ணெயை எடுத்துத் தடவினேன். துரு போகட்டும்னு. எண்ணெய் பட்டா பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாது. நேத்து மத்தியானம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் உங்களுக்கு ஊட்டிவிட்டேன், சொல்லலை. அவர்கிட்டயும் சாயங்காலம் வரைக்கும் சொல்லலை. அவர்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார். நானும் சரின்னு தலையாட்டினேன்.”

வாசலில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணியின் தலை திரும்பவில்லை. பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அந்த முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது, காது தெரிந்தது, மடியில் கிடந்த மாவுக்கட்டு தெரிந்தது. தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

கையிலிருந்த முடியை விடுவதா, பின்னுவதா என்று தெரியாமல் அவள் நின்றாள். இந்த வீட்டில் யாரும் யாரையும் சும்மா விட்டதில்லை. பால் பொங்கினால்கூட மாடிக்கும் கீழுக்குமாக ஒரு மணி நேரம் திட்டு நடக்கும்.

“அண்ணி,” என்றாள். “அவரைத் திட்டின மாதிரி என்னையும் திட்டுங்களேன்.”